ஆவணமில்லா அயலாரும் ஆலய வாசலும்



ஞாயிறு திருப்பலியில் நம் அருகே முழந்தாளிட்டிருப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமும் நமக்கு எழுவதில்லை. ஆனால் நம் தமிழகத்தில் பல பங்குகளில், நம்மோடு ஒரே பந்தியில் நற்கருணை பெறும் சிலருக்கு எந்த நாட்டின் குடியுரிமையும் கையில் இல்லை. அரசின் பதிவேட்டில் அவர்கள் அயலார். பங்கின் பதிவேட்டில் அவர்கள் யார்? இதைப் பற்றியே இன்று சிந்திப்போம்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர்கள் படகேறி நம் கரைக்கு வரத் தொடங்கினர். பின்வந்த ஆண்டுகளில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். பலர் திரும்பிச் சென்றனர், பலர் தங்கிவிட்டனர். 2021-இல் தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி, முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேரும், காவல் நிலையங்களில் பதிவு செய்து வெளியே வாழ்வோர் ஏறக்குறைய 34,000 பேரும் இருந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் 317 கோடி ரூபாய் நலத்திட்டம் அறிவிக்கப்பட்டது. அகதிகள் முகாம் என்ற பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. நம் வேலூருக்கு அருகே மேல்மொணவூரில்தான் 2021 நவம்பர் 2 அன்று புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வீடு வந்தது, மகிழ்ச்சி. ஆனால் நாடு வந்ததா?

சட்டம் சொல்வதைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே ‘அகதி’ என்றொரு தனி நிலை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. உரிய ஆவணமின்றி வந்தவர் யாராயினும் குடியுரிமைச் சட்டம் அவரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றே அழைக்கிறது. 2019-இல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது. கிறிஸ்தவர்களும் அந்த ஆறில் உண்டு. இலங்கை அந்த மூன்றில் இல்லை.

பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் தீர்ப்பளித்தது இதனால்தான். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கோ அதுவும் போதாது. பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. அதாவது, நம் ஊர்ப் பெண் ஒருத்தி முகாம் இளைஞனை மணந்தால், தாய் இந்தியராக இருந்தும் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைப்பது அரிது. திருமண ஓலை வாசிக்கும்போது நாம் இதை நினைத்துப் பார்க்கிறோமா?

2025-ஆம் ஆண்டு இரு செய்திகளைத் தந்தது. மே மாதத்தில், தண்டனைக் காலம் முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகெங்கிலுமிருந்து வருவோரை ஏற்க இந்தியா சத்திரம் அல்ல என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. செப்டம்பர் 1 அன்று புதிய குடிவரவு மற்றும் அயல்நாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனோடு வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கு தஞ்சம் அடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு, விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. சிறை அச்சம் அகன்றது. குடியுரிமை இன்னும் வரவில்லை.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் வழிபாட்டுத் தலங்களில் குடிவரவு அலுவலர்கள் நடவடிக்கை எடுப்பதைத் தவிர்த்து வந்த நெறிமுறை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. அச்சத்தால் ஆலயத்திற்கு வர இயலாதவர்களுக்கு, சான் பெர்னார்டினோ மறைமாவட்ட ஆயர் அதே ஆண்டு ஜூலையில் ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்து விலக்கு அளித்தார். யூட்டா மாநிலத்தில் பெருமளவில் வாழும் மார்மன் சபையினருக்கும் இதே சோதனைதான். கோட்பாட்டில் நமக்கும் அவர்களுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. நாட்டின் சட்டத்திற்குக் கீழ்ப்படிவதைத் தம் நம்பிக்கை அறிக்கையிலேயே வைத்திருப்பவர்கள் அவர்கள். ஆயினும் 2025 ஜனவரியில் அச்சபை மூன்று நெறிகளை எடுத்துரைத்தது: சட்டத்தை மதித்தல், குடிவரவு நிலை பாராமல் அயலாருக்கு உணவும் உடையும் தந்து அன்பு செய்தல், குடும்பங்கள் பிரியாமல் காத்தல். சட்டத்தை மதிப்பவர் இரக்கமற்றவராக இருக்கத் தேவையில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

நம் திருச்சபையின் போதனையும் இரு பக்கங்களையும் கொண்டது. பாதுகாப்பும் வாழ்வும் தேடி வரும் அயலாரை வளமுள்ள நாடுகள் இயன்றவரை ஏற்க வேண்டும் என்கிறது மறைக்கல்வி நூல். அரசு அதற்கு நிபந்தனைகள் விதிக்கலாம், வந்தவர் அந்நாட்டின் சட்டங்களை மதிக்க வேண்டும் என்றும் அதே எண் 2241 சொல்கிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடுவது திருச்சபையின் போதனை ஆகாது. 1952-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் வெளியிட்ட ஆவணம், எகிப்துக்குத் தப்பியோடிய திருக்குடும்பத்தை அகதிக் குடும்பங்கள் அனைத்திற்கும் முன்மாதிரியாகக் காட்டியது. அதே ஆண்டில்தான் நம் வேலூர் மறைமாவட்டமும் உருவானது. ஏரோதின் வாளுக்குத் தப்பி இரவோடு இரவாகப் புறப்பட்ட சூசையப்பரிடம் எந்த ஆவணம் இருந்திருக்கும்?

சேத்துப்பட்டு மக்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. தாது வருடப் பஞ்சம் வட ஆற்காட்டை வாட்டிய தலைமுறையில் நம் முன்னோருக்காக உழைத்த தராஸ் அடிகளார் பிரெஞ்சு நாட்டவர். நம் விசுவாசத்தின் தந்தையே ஓர் அயலார். மறுபுறம், 1860 முதல் நம் வட ஆற்காட்டிலிருந்தே ஆயிரக்கணக்கானோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். வந்தாரை ஏற்றதும் நாமே, வேற்றூரில் வாசல் தேடி நின்றதும் நாமே.

அப்படியானால் ஒரு பங்கு என்ன செய்யலாம்?

முதலாவது, அருளடையாளங்களுக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. திருமணத்திற்கு மணமாகாத நிலைச் சான்று கேட்கிறோம், சில வேளைகளில் மேதகு ஆயரின் அனுமதியும் தேவைப்படும். அது திருச்சபையின் ஒழுங்கு. அதைக் குடியுரிமைச் சோதனை என்று எவரும் அஞ்ச வேண்டாம்.

இரண்டாவது, பதிவேடு உண்மையாக இருக்கட்டும். திருமுழுக்குப் பதிவேட்டில் பிறந்த தேதியும் இடமும் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அது குடியுரிமைச் சான்று ஆகாது. ஆயினும் 1987-க்கு முன் இங்கு பிறந்த ஒருவருக்கு, அந்த ஒரு வரி துணைச் சான்றாக உதவக்கூடும். ஆகவே பழைய பதிவேடுகளைக் கரையானிடமிருந்து காப்பதும் அறப்பணியே. இரக்கப்பட்டு ஊரையோ தேதியையோ மாற்றி எழுதித் தருமாறு எவரும் கேட்கலாகாது. பொய்ச் சான்று இன்று உதவுவதுபோல் தோன்றும், நாளை அந்தக் குடும்பத்தையே சிக்கலில் மாட்டிவிடும்.

மூன்றாவது, எவரையும் ஒளித்து வைப்பது நம் வழியல்ல. அயல்நாட்டவரைத் தங்க வைப்போர் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம் வழி உடன் நடப்பது. அலுவலகத்திற்குத் துணைக்குச் செல்லலாம், மனு எழுதித் தரலாம், நல்ல வழக்கறிஞரைக் காட்டலாம். 1980-இல் அருள்தந்தை பேத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணிக்குழு, நம் தமிழக முகாம்களில் மாலை நேர வகுப்புகள் வழியாக உடன் நடந்திருக்கிறது. அவ்வாறே நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் ஒரு மாணவனின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்கலாம்.

நான்காவது, நம் நாவைக் காப்போம். ‘சிலோன்காரன்’, ‘முகாம்காரி’ என்று ஆலய வளாகத்தில் சொல்லும் ஒரு சொல், நாற்பது ஆண்டுகளாக ஆறாத புண்ணைக் கீறிவிடும்.

குடியுரிமை வழங்கும் அதிகாரம் பங்கிற்கு இல்லை. அது அரசின் கையில் இருக்கிறது. அதை முறைப்படி கேட்டு வாதாடும் உரிமை குடிமக்களாகிய நமக்கு உண்டு. ஆனால் திருமுழுக்குத் தொட்டியில் கிடைக்கும் உறுப்பினர் உரிமையை எந்த அரசும் தருவதில்லை, எடுப்பதும் இல்லை. செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு, புலம்பெயர்ந்தோர் மற்றும் அகதிகள் உலக நாள். அன்று மன்றாட்டில் அவர்களை நினைப்பதோடு நின்றுவிடாமல், திருப்பலி முடிந்ததும் ஒரு குடும்பத்தையாவது நம் வீட்டிற்கு உணவருந்த அழைப்போம். அன்னியனாய் இருந்தேன், ஏற்றுக்கொண்டீர்களா என்று ஆண்டவர் கேட்கும் நாளில், நமக்குச் சொல்ல ஒரு பெயராவது இருக்கட்டும்.