குமரிக்கு ஒரு நாள் டூரா?... படகு முதலில், சாப்பாடு தள்ளி, கடலில் கவனம்!

கன்னியாகுமரி, 

முக்கடல் சங்கமிக்கும் கன்னியாகுமரிக்கு வருபவர்களில் பலர் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் திரும்புகிறவர்கள். நெல்லை, தூத்துக்குடி, மதுரை பக்கம் இருந்து ராத்திரி வேன் பிடித்து, விடியற்காலையில் இறங்கி, மறுபடி ராத்திரியே ஊர் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சீட்டு பணத்தில் மிச்சம் பிடித்து வருகிறவர்களும் இதில் உண்டு.

அப்படி வருகிறவர்கள் சாயங்காலம் வேனில் ஏறும்போது புலம்புவது பெரும்பாலும் 3 விஷயங்களைத்தான். "படகு கிடைக்கலை", "சாப்பாட்டுக்கு காசு எகிறிடுச்சு", "அரண்மனைக்கு போனா பூட்டி கிடக்கு". இந்த மூன்றையும் தவிர்ப்பது கஷ்டமான காரியம் இல்லை. எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும். அந்த வரிசை என்ன? சாப்பாட்டில் எங்கே காசு போகிறது? கடலில் எங்கே கால் வைக்கக்கூடாது? பார்ப்போம்.

சூரியனை பார்த்ததும் படகு வரிசை

சூரிய உதயம் பார்க்க டிக்கெட் கிடையாது. விடியும் முன்பே கடற்கரையில் இடம் பிடித்து நின்றால் போதும். தவறு நடப்பது அதற்கு பிறகுதான். உதயம் பார்த்த அசதியில் லாட்ஜில் படுத்துவிட்டு, 10 மணிக்கு மேல் டிபன் முடித்து படகு துறைக்கு வருகிறார்கள். அதற்குள் வரிசை தெருவுக்கு வந்துவிடும்.

விவேகானந்தர் பாறைக்கு பூம்புகார் கப்பல் போக்குவரத்து கழகம் படகு விடுகிறது. வழக்கமாக காலை 8 மணிக்கு தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும். சாதாரண டிக்கெட், சிறப்பு டிக்கெட் என்று 2 வரிசை உண்டு. சிறப்பு டிக்கெட்டுக்கு கட்டணம் பல மடங்கு. 7 மணிக்கே வரிசையில் நின்றால் சாதாரண டிக்கெட்டிலேயே முதல் சில படகுகளில் ஏறிவிடலாம். 5 பேர் கொண்ட குடும்பத்துக்கு இதில் மிச்சமாகும் பணத்தில் மதிய சாப்பாட்டையே முடித்துவிடலாம்.

கார்த்திகை, மார்கழியில் அய்யப்ப பக்தர்கள் கூட்டம், மே மாதம் பள்ளி விடுமுறை கூட்டம். இந்த நாட்களில் இன்னும் முன்னதாக வருவது நல்லது. படகில் கொடுக்கும் லைப் ஜாக்கெட்டை போட்டோவுக்காக கழற்றக்கூடாது. பாறையில் இறங்கியதும் நினைவு மண்டபத்துக்கு தனி நுழைவு கட்டணம் உண்டு. அதற்கு சில்லறை வைத்துக்கொள்ள வேண்டும்.

படகு திடீரென நிற்பது ஏன்?

"கடல் அமைதியாகத்தானே இருக்கு, ஏன் படகை நிறுத்துறாங்க?" என்று சுற்றுலா பயணிகள் ஊழியர்களிடம் சண்டை போடுவது அடிக்கடி நடக்கும் காட்சி. காரணம் அலை மட்டும் அல்ல. தண்ணீர் மட்டமும்தான்.

அமாவாசை, பவுர்ணமி சமயங்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் இருந்து கடலை இழுக்கின்றன. அதனால் ஏற்றம் அதிகமாகவும், வற்றம் அதிகமாகவும் இருக்கும். வற்றும்போது படகு துறையிலும் பாறை ஓரத்திலும் ஆழம் குறைந்துவிடும். ஆள் ஏறிய படகு தரை தட்டும், பாறையில் இடிக்கும். அதனால் தண்ணீர் ஏறும் வரை படகை நிறுத்தி வைக்கிறார்கள். காற்று பலமாக அடித்தாலும் இதே கதைதான். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி வருகிறவர்கள் படகு தாமதமாகலாம் என்று நினைத்தே திட்டம் போட வேண்டும்.

முன்பு இந்த பிரச்சினையில் அதிகம் அடிபட்டது திருவள்ளுவர் சிலைதான். 133 அடி உயர சிலை 1-1-2000 அன்று திறக்கப்பட்டது. ஆனால் தண்ணீர் குறைந்தால் விவேகானந்தர் பாறையோடு படகு திரும்பிவிடும். அய்யனை தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு போனவர்கள் பலர். அதற்கு முடிவு கட்டியது கண்ணாடி பாலம். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில், ரூ.37 கோடி செலவில் கட்டப்பட்ட இந்த பாலத்தை 30-12-2024 அன்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். பாறைக்கு போய்விட்டால் போதும், அங்கிருந்து நடந்தே சிலைக்கு போகலாம்.

மதிய சாப்பாடு எங்கே?

பர்ஸ் காலியாகும் இடம் இதுதான். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உள்ள ஓட்டல்களில் பல, வடமாநில பயணிகளை நம்பி நடப்பவை. அங்கே பூரி, சப்பாத்தி, பன்னீர் கிடைக்கும். வாடகையும் அதிகம், விலையும் அதிகம். குமரி மாவட்ட கைப்பக்குவத்தை ருசி பார்க்க வேண்டும் என்றால் கொஞ்சம் தள்ளி வர வேண்டும். நாகர்கோவில் ரோட்டில் கொட்டாரம், சுசீந்திரம் என்று வந்தால், உள்ளூர் ஆட்கள், லோடுமேன்கள், டிரைவர்கள் சாப்பிடும் கடைகள் இருக்கும். லாரி நிற்கும் கடையில் விலையும் நியாயமாக இருக்கும், சோறும் சூடாக இருக்கும்.

தேங்காய் அரைத்து விட்ட மீன் குழம்பு, சம்பா அரிசி சோறு, அவியல், தீயல், புளிசேரி. இதுதான் இந்த மண்ணின் சாப்பாடு. மரச்சீனி கிழங்கை அவித்து மீன் குழம்போடு சாப்பிட்டால் குறைந்த செலவில் வயிறு நிறையும். மற்ற ஊரில் மத்தி என்பதை இங்கே சாளை என்பார்கள். சாளையும் நெத்திலியும்தான் ஏழைக்கு ஏற்ற மீன். நெய்மீன், வாவல் என்று கேட்டால் பில் எகிறும்.

"மீன் சாப்பாடு" என்று போர்டு இருந்தால் அதில் வருவது பெரும்பாலும் மீன் குழம்பு மட்டும்தான். பொரித்த மீன் தனி. சர்வர் தட்டில் 4 வகை மீனை அடுக்கி கொண்டு வந்து காட்டுவார். பிள்ளைகள் கை நீட்டும். விலை கேட்காமல் எடுத்தால் சாப்பாட்டின் விலையை விட மீன் விலை கூடிவிடும். "ஒரு துண்டு என்ன விலை?" என்று முதலிலேயே கேட்பதில் கவுரவ குறைச்சல் எதுவும் இல்லை.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. கடையில் வாங்கினால் பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக்கூடாது. ஓட்டலில் உட்கார வைத்து பரிமாறும்போது கூடுதலாக வாங்கலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. எனவே பாட்டிலை வெளியே வாங்கிக்கொண்டு உள்ளே போவது லாபம். பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று போட்டிருந்தால் அது கட்டாயம் இல்லை. எடுக்க சொல்லலாம். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மீன் கிடைக்காத மாதங்கள்

கடற்கரைக்கு வந்தால் எப்போதும் புது மீன் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. மீன் இனப்பெருக்கத்துக்காக ஆண்டுதோறும் 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு தடை. கிழக்கு கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கு கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு கரையும் இருப்பதால் இங்கே இரண்டு தடையும் உண்டு. சின்னமுட்டத்தில் படகு நிற்கும்போது குளச்சலில் கடலுக்கு போவார்கள். குளச்சலில் நிற்கும்போது சின்னமுட்டம் களை கட்டும். ஆனால் ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு பக்கமும் விசைப்படகுகள் ஓய்வு. அப்போது வள்ளம், கட்டுமரத்தில் வரும் மீன்தான். விலை ஏறும். ஐஸ் மீனும் வரும். இந்த நாட்களில் வருகிறவர்கள் பொரித்த மீன் ஆசையை கொஞ்சம் அடக்கிக்கொண்டு, அவியலும் ரசவடையும் சாப்பிட்டுவிட்டு போவது புத்திசாலித்தனம்.

பிள்ளைகளுக்கு வாங்கி கொடுக்க ஏத்தங்காய் சிப்ஸ், பழ பஜ்ஜி, மட்டி பழம் இருக்கிறது. குமரி மட்டி பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளம்தான் இருக்கும், மணம் தூக்கும். பனை சீசனில் பதநீரும் நுங்கும் கிடைக்கும்.

திங்கட்கிழமை வந்தால் அரண்மனை இல்லை

மதியத்துக்கு மேல் போக ஏற்ற இடம் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் மன்னர்கள் வாழ்ந்த மர அரண்மனை. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனை நிர்வாகம் கேரள அரசிடமே இருந்துவிட்டது. இன்றும் கேரள தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மதியம் 1 மணியில் இருந்து 2 மணி வரை இடைவேளை. மாலை 4.30 மணிக்கு டிக்கெட் கொடுப்பது நின்றுவிடும். எனவே 2 மணிக்கு வாசலில் இருப்பதுபோல் கிளம்ப வேண்டும்.

பஸ்சில் வருகிறவர்கள் கன்னியாகுமரியில் இருந்து நாகர்கோவில் வந்து, அங்கிருந்து தக்கலை பஸ் பிடிக்கலாம்.

திரும்பும் வழியில் சுசீந்திரம் தாணுமாலயன் கோவில். கோவில் நடை மதியம் சாத்திவிட்டு சாயங்காலம்தான் திறப்பார்கள். அதனால் இதை கடைசியில் வைப்பதே சரி. 18 அடி உயர ஆஞ்சநேயரும், தட்டினால் இசைக்கும் கல்தூணும் இங்கே பிரபலம். ஆண்கள் சட்டையை கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

திங்கட்கிழமை வந்து மாட்டிக்கொண்டவர்கள் அரண்மனைக்கு பதிலாக வட்டக்கோட்டை போகலாம். கன்னியாகுமரியில் இருந்து சுமார் 7 கி.மீ. தூரம்தான். கோட்டை மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. வேன் இருந்தால் மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி என்று மேற்கே போகலாம். ஆனால் மலையில் மழை என்றால் திற்பரப்பில் குளிக்க தடை போடுவார்கள். விசாரித்துவிட்டு கிளம்ப வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பார்ப்பது ரோட்டைத்தான். படகு, அரண்மனை, சுசீந்திரம். ஒரு நாளுக்கு இந்த மூன்றே தாராளம்.

கடல் கூப்பிடும்... இறங்காதீங்க!

காசு போனால் சம்பாதிக்கலாம். 6-5-2024 அன்று ராஜாக்கமங்கலம் அருகே உள்ள லெமூர் கடற்கரையில் நடந்ததை குமரி மக்கள் மறக்கவில்லை. நாகர்கோவிலில் நடந்த கல்யாணத்துக்கு வந்த மருத்துவ மாணவ-மாணவிகள் 5 பேர் அலையில் சிக்கி பலியானார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நேரம் அது.

அது என்ன கள்ளக்கடல்? எங்கோ தெற்கே இந்திய பெருங்கடலில் அடிக்கும் புயல் காற்றில் எழும்பும் அலைகள், ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் ஓடி வந்து நம் கரையில் மோதும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும். திடீரென்று கடல் ஏறி வந்து இழுத்துவிடும். திருடன் போல் சத்தம் இல்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் இது. ஐதராபாத்தில் உள்ள இந்திய கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. அன்று காலை செய்தியை ஒரு தடவை பார்த்துவிட்டு கடற்கரைக்கு போவது கட்டாயம்.

கள்ளக்கடல் இல்லாத நாளிலும் குமரி கடல் லேசுப்பட்டது அல்ல. முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை என்று எந்த கடற்கரையானாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்பது ஆபத்து. கரையில் மோதிய தண்ணீர் திரும்பி போகும் இடத்தில் கால் மணலை அரித்து ஆளை உள்ளே இழுக்கும். அலை இல்லாமல் அமைதியாக தெரியும் இடம்தான் பல நேரம் இழுப்பு உள்ள இடம். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக்கூடாது. கரைக்கு பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்து, பிறகுதான் கரைக்கு திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர் காப்பாற்ற குதித்தால் ஒன்றுக்கு இரண்டு உயிர் போகும். கயிறோ, காற்றடைத்த டியூபோ, காலி கேனோ எறிந்துவிட்டு சத்தம் போட வேண்டும்.

பாறை மேல் நின்று செல்பி எடுப்பதும் இதே கணக்குதான். பாசி பிடித்த பாறை வழுக்கும். மீனவர் ஒருவர் "அங்க போகாதீங்க" என்று சொன்னால், அவர் அந்த கடலிலேயே பிழைக்கிறவர் என்பதை நினைத்து திரும்பிவிட வேண்டும்.

ஆபத்து நேரத்தில் கடலோர பாதுகாப்பு குழும எண் 1093, ஆம்புலன்சுக்கு 108. வேன் கிளம்பும் முன்பே வீட்டில் எல்லோர் செல்போனிலும் இந்த இரண்டையும் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.