கைப்பிடிக் கணக்கும் கிராம் கணக்கும்

மூலிகையை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்தெடுக்கும் சாற்றுக்கு டிங்சர் என்று பெயர். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைப் பழக்கியது, அடிபட்ட முழங்காலில் கம்பவுண்டர் தடவியதும் சுரீரென்று எரிந்த டிங்சர் அயோடின். அதில் மூலிகை எதுவும் கிடையாது. ஆல்கஹாலில் கரைத்த மருந்து என்பதால் அதற்கும் அந்தப் பெயர். மூலிகை டிங்சரின் வீரியத்தை 'ஒன்றுக்கு ஐந்து', 'ஒன்றுக்குப் பத்து' என்று விகிதமாகச் சொல்வார்கள். முதல் எண் மூலிகையின் எடை, கிராம் கணக்கில். இரண்டாம் எண் அது ஊறும் திரவத்தின் கொள்ளளவு, மில்லி கணக்கில். 100 கிராம் காய்ந்த நிலவேம்பை 500 மில்லி திரவத்தில் போட்டால் ஒன்றுக்கு ஐந்து.

வீட்டில் செய்பவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். மூலிகையையும் டம்ளரால் அளந்து, ஒரு டம்ளருக்கு ஐந்து டம்ளர் என்று ஊற்றிவிடுகிறார்கள். காய்ந்த ஆவாரம்பூ ஒரு டம்ளரில் சில கிராம்தான் நிற்கும். இடித்த நன்னாரி வேர் அதே டம்ளரில் பல மடங்கு எடை நிற்கும். இரண்டுக்கும் ஒரே டம்ளர் கணக்கு என்றால் ஒன்று நீர்த்துப்போகும், மற்றொன்று கெட்டியாகிவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் மூலிகையின் சத்தைத் திரவத்தில் இறக்கும் வேலை புதிதல்ல. நார்த்தாமலை, திருமயம் பக்கத்துப் பொட்டல்களில் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. ஆடாதோடை வேலியாக நிற்கிறது. கோயில்காடுகளில் வேரும் கொடியுமாக எத்தனையோ மூலிகைகள் பிழைத்திருக்கின்றன. ஆனால் இங்கே அவற்றை இறக்கும் திரவம் தண்ணீர். செய்முறைக்குப் பெயர் குடிநீர், அல்லது கஷாயம். அதற்கும் விகிதம் உண்டு. சொல்லப்போனால் டிங்சரைவிட நுணுக்கமான விகிதம். ஆயுர்வேத முறையில் மெல்லிய இலை, பூவுக்கு 4 பங்கு நீர், நடுத்தரமானவற்றுக்கு 8 பங்கு, கட்டை, வேர் போன்ற கடினமானவற்றுக்கு 16 பங்கு ஊற்றி, நாலில் ஒன்றாகச் சுண்ட வைப்பார்கள். சித்த மருத்துவத்தில் அளவுகள் பலம், படி, ஆழாக்கு என்று வரும். இன்றைய கணக்கில் 1 பலம் 35 கிராம், 1 ஆழாக்கு 168 மில்லி, 1 படி 1.344 லிட்டர். மூன்று விரலால் அள்ளும் பொடிக்குத் திரிகடி என்று பெயர். விரலளவு அனுபவசாலியின் கையில் சரியாக வரும். புதியவருக்குத் தராசு இல்லாமல் தீராது.

கொரோனா நாட்களில் தமிழகமெங்கும் குடித்த கபசுரக் குடிநீருக்குப் பரவலாகச் சொல்லப்பட்ட அளவு, 5 கிராம் பொடிக்கு 240 மில்லி நீர் ஊற்றி 60 மில்லியாக வற்றவைப்பது. வற்றிய பிறகு நிற்கும் விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. பழைய கஷாயக் கணக்கில் 16 பங்கு நீர் நாலில் ஒன்றானால் ஒன்றுக்கு நாலுதான். அதோடு ஒப்பிட்டால் கபசுரக் குடிநீர் மூன்று மடங்கு நீர்த்தது. அதனால் அது குறைந்த மருந்தாகிவிடாது. 5 கிராம் பொடியின் சத்து முழுதும் ஒரே வேளையில் உள்ளே போகிறது. விகிதத்தைத் தனியாகப் பார்த்து வீரியத்தைத் தீர்மானிக்க முடியாது. ஒரு வேளைக்கு எவ்வளவு குடிக்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டிங்சர் விஷயத்தில் பலரும் கோட்டைவிடுவது இதை.

மருந்து நூல்களில் டிங்சருக்கு ஒன்றுக்கு ஐந்தும் ஒன்றுக்குப் பத்தும் நிலைபெற்றதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் விற்ற டிங்சர் ஒரு நாட்டில் ஒரு வீரியத்திலும் பக்கத்து நாட்டில் வேறு வீரியத்திலும் இருந்தால், எல்லை தாண்டிப் போகும் நோயாளிக்கு அதே பத்துச் சொட்டு விஷமாகலாம். 1902-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய மாநாடு கடுமையான மருந்துகளின் டிங்சர்களை ஒன்றுக்குப் பத்தாக்க முடிவு செய்தது. 1906-இல் அது ஒப்பந்தமானது. கடுமையற்ற மூலிகைகளுக்கு ஒன்றுக்கு ஐந்து வழக்கமாயிற்று. ஹோமியோபதியின் தாய்த் திரவங்களிலும் பல ஒன்றுக்குப் பத்துதான்.

அடுத்தது, திரவத்தில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்பது. இதை விட்டுவிட்டு விகிதம் மட்டும் பேசினால் பாதிச் சமையல்தான். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆல்கஹாலில் நன்றாக இறங்கும். சாம்பிராணி, குங்கிலியம் போன்ற பிசின்களுக்கு 90 சதவீதம் வரை தேவை. துவர்ப்புள்ள பட்டைகளுக்குக் குறைந்த சதவீதமே போதும். துத்தி இலை, வெண்டை போன்ற வழவழப்பான சரக்குகளுக்கு டிங்சர் சரிப்படாது; ஆல்கஹால் பட்டதும் அந்த வழவழப்பு திரிந்து அடியில் படிந்துவிடும். துளசிக்கு நிலைமை வேறு. நெடுநேரம் கொதித்தால் அதன் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும், ஆல்கஹாலில் தங்கும்.

இந்தியாவில் கடையில் கிடைக்கும் பிராந்தி, வோட்கா வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். காய்ந்த மூலிகைக்கு ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் இது போதும். பச்சை இலைக்கு இதே கணக்கைப் போட்டால் சிக்கல். 100 கிராம் பச்சை ஆடாதோடை இலையில் 80 கிராம் நீர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு இரண்டாக 200 மில்லி ஊற்றினால் உள்ளே போகும் ஆல்கஹால் 85.6 மில்லி. இலையின் நீரும் சேர்ந்து மொத்தத் திரவம் 280 மில்லி ஆகிவிடும். சதவீதம் 30-க்கு இறங்குகிறது. இலை மூழ்கினால் போதும் என்று ஒன்றுக்கு ஒன்றாக ஊற்றினால் 24-க்கும் கீழே. 20-ஐ நெருங்கும்போது புளிப்பும் பூஞ்சையும் எட்டிப்பார்க்கும். மேல்நாட்டு நூல்கள் பச்சை மூலிகைக்கு ஒன்றுக்கு இரண்டு என்று எழுதும்போது 95 சதவீத ஆல்கஹாலை மனதில் வைத்து எழுதுகின்றன. அதில் செய்தால் இலைநீர் கலந்த பிறகும் 68 சதவீதம் நிற்கும்.

அந்த 95 சதவீத எரிசாராயத்தைத் தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் வீட்டில் வைத்திருக்க முடியாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தடுக்கிறது. தொழிற்சாலை ஸ்பிரிட்டும் மருந்துக்கடையின் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் குடிக்கத் தகாதவை. மெத்தனால் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டியது. கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டில் டிங்சர் செய்து பார்ப்பவருக்குச் சட்டப்படி கைக்கு எட்டுவது 42.8 சதவீதச் சரக்கு மட்டுமே. அதற்குப் பொருந்துவது காய்ந்த மூலிகை மட்டுமே.

விகிதத்தில் கைவைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க மதுவிலக்குக் காலத்து இஞ்சி டிங்சர் சாட்சி. இஞ்சிச் சத்து அதிகமாக இருந்தால் காரம் தாங்காமல் யாரும் போதைக்குக் குடிக்க மாட்டார்கள் என்று அரசு எண்ணியது. ஆல்கஹாலை ஆவியாக்கி, மிஞ்சும் கசடை எடை போட்டுச் சோதித்தார்கள். கள்ளத்தனமாக விற்றவர்கள் இஞ்சியைக் குறைத்து, கசடின் எடை வருவதற்காக வேறு பொருள் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்த ஒரு தொழிற்சாலை ரசாயனத்தால் 1930-இல் ஆயிரக்கணக்கானோருக்குக் கால் விளங்காமல் போனது. எடை சரியாக இருந்தது, சரக்குதான் வேறு.

செய்முறையில் சொல்வதற்கு அதிகமில்லை. மூலிகையை நிழலில் உலர்த்தி ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மாவாகப் பொடித்தால் வடியாது. கிராம் தராசில் நிறுத்து, கண்ணாடிக் குப்பியில் போட்டு, அளந்த திரவத்தை ஊற்றி, தினம் ஒருமுறை குலுக்கி, இரண்டு வாரத்துக்குப் பின் துணியில் பிழிய வேண்டும். ஊற்றிய அளவு திரும்பாது. காய்ந்த சரக்கு குடித்துக்கொண்டது போகத்தான் வரும். அதை ஈடுகட்ட மேலும் ஊற்றினால் விகிதம் மாறிவிடும். குப்பியின் மேல் பெயர், தேதி, விகிதம், சதவீதம் நான்கையும் எழுதி ஒட்டாத டிங்சரைக் கீழே கொட்டிவிடுவதே நல்லது.

இனி அளவு. ஒன்றுக்கு ஐந்து டிங்சரில் 5 மில்லிக்குள் 1 கிராம் மூலிகையின் சத்து. குடிநீரில் ஒரு வேளைக்குப் போகும் 5 கிராமை டிங்சராகக் கொடுப்பதென்றால் 25 மில்லி குடிக்க வேண்டும். அதில் சுத்த ஆல்கஹால் 10.7 மில்லி, ஏறத்தாழ 8.4 கிராம்; உலக சுகாதார நிறுவனம் ஒரு 'டிரிங்க்' என்று கணக்கிடும் 10 கிராமை எட்டிப்பிடிக்கும் அளவு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கோ, கர்ப்பிணிக்கோ, கல்லீரல் நோயாளிக்கோ அதைக் கொடுக்கவே கூடாது. சில மில்லியில் வேலை முடிகிற சரக்குக்கு டிங்சர் தகும். கிராம் கணக்கில் உள்ளே போக வேண்டிய நிலவேம்புக்கும் கபசுரத்துக்கும் தண்ணீரே சரியான திரவம். ஒன்பது சரக்கு சேர்ந்த நிலவேம்புக் குடிநீர்ப் பொடி, சித்தப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது.