பழைய மென்பொருள், புதிய கணினி: அலமாரியில் உறங்கும் தமிழ்க் கோப்புகள்

ஜொகூரில் குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று இல்லை. சில செம்பனைக்கு மாறின; சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்ட மக்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் என்று பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்களின் பெயர்களும் சந்தாக் கணக்கும் திருவிழா உபயப் பட்டியலும் எங்கே? தொண்ணூறுகளில் கணினி வாங்கிய கோயில்களிலும் இயக்கங்களிலும் அவை ஒரு பழைய நெகிழ்வட்டிலோ குறுந்தட்டிலோ கிடக்கக்கூடும்.

செயலாளர் பொறுப்பு அப்பாவிடமிருந்து மகனுக்கு வருகிறது. மகன் புதிய கணினியில் அந்தத் தட்டைப் போடுகிறார். தட்டச்சு செய்த பழைய மென்பொருள் இயங்க மறுக்கிறது. கோப்பைத் திறந்தாலோ, தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாகத் தெரிகிறது. “கெட்டுப் போச்சு, வீசிடலாம்” என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கோப்பு கெடவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள்தான் அங்கே இல்லை.

ஏன் இயங்க மறுக்கிறது?

விண்டோஸ் 3.1 காலத்து மென்பொருள்கள் 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. பின்னர் வந்த 32 பிட் விண்டோஸ் அவற்றையும் சமாளித்து ஓட்டியது. 64 பிட் விண்டோஸில் அந்த வசதி இல்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. விண்டோஸ் 95, 98 காலத்து மென்பொருள்களில் பல 32 பிட்தான் என்றாலும், அவற்றை நிறுவும் சிறு நிரல் சிலவற்றில் 16 பிட்டாக இருக்கும். அதனால் வாசற்படியிலேயே தடுக்கி விழும்.

எழுத்து ஏன் குப்பையாகிறது?

தமிழ்க் கணிமையில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கியவர். ஆனால் அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவையும் உண்டு. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் குறிகள் அப்படியே தெரியும்.

இதற்குப் பொது ஒழுங்கு காண 1999-ல் சென்னை மாநாட்டில் தாம், தாப் குறியீடுகள் பரிந்துரைக்கப்பட்டன. இணையத்தில் கூடிப் பேசியவர்கள் திஸ்கி முறையை வகுத்தனர். 2001-ல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு கூடியது. இறுதியில் நிலைத்தது யூனிகோட். அதில் ‘அ’வுக்கு 2949 என்ற எண்; உலகில் எந்தக் கணினியிலும் அது ‘அ’ மட்டுமே.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் நகல் எடுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள். நெகிழ்வட்டைப் படிக்க யூஎஸ்பியில் செருகும் கருவி உண்டு. பழைய எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுத்துக் கொள்ளுங்கள். சாவியே அவைதான்.

அடுத்து, எளிய வழியிலிருந்து தொடங்குங்கள். மென்பொருளின் பண்புகள் பகுதியில் ‘பழைய விண்டோஸ் போல ஓட்டு’ என்னும் பொருத்தப்பாட்டு வசதி உண்டு. அது பலிக்காவிட்டால், டாஸ் மென்பொருளுக்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. விண்டோஸ் 98, எக்ஸ்பி மென்பொருளுக்கு வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர்க் கணினி உதவும். இது கணினிக்குள் இன்னொரு கணினி. பழைய விண்டோஸின் உரிமம் பெற்ற தட்டும் எண்ணும் கைவசம் இருக்க வேண்டும். பேஜ்மேக்கரில் வடிவமைத்த கும்பாபிஷேக மலர் என்றால், லிப்ரே ஆபிஸ் ஓரளவு திறந்து காட்டும்.

எச்சரிக்கை ஒன்று. பழைய விண்டோஸை இணையத்தில் இணைக்காதீர்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014-லும் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தன. 2017-ல் உலகைக் கலக்கிய வான்னகிரை, பாதுகாப்புத் திருத்தம் போடாத கணினிகளில்தான் புகுந்தது. மெய்நிகர்க் கணினியிலும் இணையத்தை அணைத்து வையுங்கள்.

திறந்தால் மட்டும் போதுமா?

போதாது. உள்ளடக்கத்தை யூனிகோடுக்கு மாற்றினால்தான் அடுத்த தலைமுறைக்குப் பயன். இலவச மாற்றிகள் பல உள்ளன. எந்த எழுத்துரு என்று சரியாகச் சொல்ல வேண்டும். மாற்றிய பின் கண்ணால் ஒரு முறை சரிபார்ப்பது கட்டாயம். பழைய முறையில் ‘கௌ’ என்பதை ஒற்றைக்கொம்பு, க, ள என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். மாற்றி ஏமாந்தால் ‘கௌரி’, ‘கெளரி’ ஆகிவிடுவார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு. நாளை ஒரு பேத்தி தன் பாட்டி கௌரியின் பெயரைத் தேடினால், பட்டியலில் இருந்தும் கிடைக்காது.

தோட்டத்தை மீட்க முடியாது. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களை மீட்கலாம். நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதையும் ஓர் அங்கமாகச் சேர்த்துக் கொண்டால் நல்லது.