சிலைக்கும் கட்டணத்துக்கும் என்ன தொடர்பு?
2015 மார்ச் 9 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற, பிரிட்டிஷ் காலனியாதிக்கவாதி செசில் ரோட்ஸின் சிலைமீது மாணவர் ஒருவர் மலத்தை வீசினார். 1934இல் நிறுவப்பட்ட அந்தச் சிலை ஒரே மாதத்தில் அகற்றப்பட்டது. அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் கட்டணத்தை 10.5 சதவீதம் உயர்த்த முனைந்ததும் மாணவர் போராட்டம் நாடெங்கும் பரவியது. அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமா 2016ஆம் ஆண்டுக்கு உயர்வே கிடையாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. சிலை உணர்வு சார்ந்தது, கட்டணம் வயிறு சார்ந்தது என்று இவற்றைப் பிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ரோட்ஸ் விட்டுச்சென்ற நிலத்தில்தான் கேப் டவுன் பல்கலைக்கழகம் நிற்கிறது. 1959ஆம் ஆண்டின் நிறவெறிச் சட்டம் கறுப்பின மாணவர்களை வெள்ளையர் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நிறுத்தியது. சட்டம் போன பிறகு அந்த வேலையைக் கட்டணம் செய்தது. கடன்பட்டு உள்ளே வந்த பிள்ளையோ, தன் மக்கள் சிந்தித்தவற்றுக்குப் பாடத்தில் இடமில்லாததைக் கண்டாள்.

பாடத்திட்டத்தை மாற்றினால் தரம் சரியும், உலக அறிவிலிருந்து ஒதுங்கிவிடுவோம் என்கிறார்கள். இந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அந்நியமானது என்பதற்காகவே நல்ல நூலை ஒதுக்குவது மடமைதான். ஆனால் 1968இல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் கென்ய எழுத்தாளர் ங்குகி வா தியாங்கோவும் இரு சகாக்களும் ஆங்கிலத் துறையையே கலைக்கக் கோரியபோது ஷேக்ஸ்பியரை எரிக்கச் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவை நடுவில் வைத்து, பிற இலக்கியங்களை அங்கிருந்து பார்ப்போம் என்றார்கள். கேப் டவுனிலேயே 1998இல் பேராசிரியர் மஹ்மூத் மம்தானி, ஆப்பிரிக்கா பற்றிய அறிமுகப் பாடத்தில் ஆப்பிரிக்க அறிஞர்களின் எழுத்து ஏன் இல்லை என்று கேட்டு நிர்வாகத்தோடு மோத நேர்ந்தது. ஒரு கண்டத்தைக் கற்பிக்கும்போது அங்குள்ள அறிஞர்களைப் படிக்காமல் விடுவதுதான் தரக்குறைவு.

பாடத்திட்டம் திருந்தினாலும் அதைப் படிக்க யார் வருவார்கள் என்பதைப் பணமே முடிவு செய்கிறது. ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டு வரை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இலவச உயர்கல்வி என்று 2017 டிசம்பரில் ஜூமா அறிவித்தார். பெரிய வெற்றிதான். ஆனால் அந்த வருமான வரம்பைச் சற்றே தாண்டிய ஆசிரியர், செவிலியர் வீட்டுப் பிள்ளைகள் ஏழைகளாகவும் கணக்கில் வரவில்லை, கட்டணம் கட்டவும் வழியில்லை. அவர்களுக்கென அரசு 2024இல்தான் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.