வேலையின் உள்ளே வளரும் விசுவாசம்

(அன்றாட அருள்நெறி – 9)

சென்ற வாரம் ஜெபத்தில் தரித்திருப்பதைப் பற்றிச் சிந்தித்தோம். அதைத் தொடர்ந்து இயல்பாகவே ஒரு வினா எழுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குச் சென்று, வேதபாடத்தைக் கேட்டு, திருவிருந்தில் பங்குபெற்று, மனம் நிறைந்து வீடு திரும்புகிற ஒருவர், திங்கட்கிழமை பொழுது விடிந்து தறிக்குழியில் கால் வைத்ததும், அல்லது கடைக் கணக்கைத் திறந்ததும், முந்தைய நாளின் சாந்தத்தை எங்கோ வைத்து மறந்தவர்போல் ஆகிவிடுவது ஏன்? விசுவாசத்தில் வளரவேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுள் இந்தத் துக்கத்தை அறியாதவர் எவரும் இரார். வேலைக்குப் போனால் பக்தி குறைகிறது என்று எண்ணி, வேலையைப் பக்திக்குச் சத்துருவாகவே கருதிவிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் உள்ள எங்கள் ஐயம்பேட்டையில் இந்த வினா மற்ற ஊர்களைவிடக் கூர்மையாகவே எழுகிறது. பட்டு நெசவு என்பது நாளின் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை நமக்கு விட்டுவைக்கும் தொழில் அன்று. இருள் பிரியுமுன் தெருவில் பாவு நீட்டுவது, கஞ்சி தோய்ப்பது, இழை அறுந்தால் தேடி முடிவது, தார் சுற்றுவது, பிறகு பொழுது சாயும்வரை குழியில் அமர்ந்து மிதியை மிதித்து நாடாவைத் தள்ளுவது என்று கணவன், மனைவி, பெற்றோர் அனைவருடைய கைகளையும் அது கேட்கிறது. விசுவாசம் வளர்வதற்கு ஓய்வும் தனிமையும் இன்றியமையாதன என்றால், நெசவாளியின் வீட்டில் அது வளரவே வழியில்லை என்று ஆகிவிடும். அப்படி ஒரு சுவிசேஷம் ஏழைகளுக்குரிய நற்செய்தியாக இருத்தல் இயலாது.

ஆதிச் சபையின் சரித்திரத்தைப் பார்ப்போமானால் நமக்குத் தைரியம் பிறக்கும். தமஸ்குவுக்குப் போகும் வழியில் ஒளியைக் கண்டு விழுந்த பவுல், மறுநாளே முதிர்ந்த அப்போஸ்தலராக எழுந்துவிட்டதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அவர் அரபி தேசத்துக்குப் போனதையும், மூன்று வருஷம் சென்ற பிறகே எருசலேமுக்கு வந்ததையும் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே தெரிவிக்கிறார். பின்னர் தம் சொந்த ஊராகிய தர்சுவில் அவர் இருந்தபோது, பர்னபா தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்து வரவேண்டியிருந்தது என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறுகிறது. கொரிந்து பட்டணத்துக்கு வந்தபோதும் அவர் கைத்தொழிலை விட்டுவிடவில்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியரோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். தைத்துக் காய்த்துப்போன கைகளே அந்த நிருபங்களை அனுப்பின என்பதை நினைக்குந்தோறும், கைத்தொழில் செய்வோரின் ஊரில் வாழும் எனக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது.

நமது தமிழ்நாட்டிலேயே இதற்குச் சிறந்த சாட்சி ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827-ம் ஆண்டு, வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. கம்பனையும் ஆழ்வார்களையும் கற்றுத் தேர்ந்து, சாயர்புரம் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் கிறிஸ்து மார்க்கத்தின்மேல் அவருக்குப் பற்று ஏதும் இல்லை. ஆயினும், தமக்கு முன்பே அம்மார்க்கத்தைத் தழுவிய தம்பி முத்தையா பிள்ளை, நண்பர் தனக்கோடி ராஜு ஆகியோருடைய சகவாசமும், நண்பர் வழியாக வந்த நூல்களும் அவர் உள்ளத்தைச் சிறிது சிறிதாக அசைத்தன. வெகுநாள் மனப்போராட்டத்துக்குப் பின்னர், 1858-ம் ஆண்டு, முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்று, ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை ஆனார். உற்றாருடைய வருத்தத்தையும் மனக்கசப்பையும் தாங்கியே அவர் அந்தப் படியில் கால் வைத்தார்.

அவருடைய சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் இந்த ஞானஸ்நானத்தையே சிகரமாக வைத்துப் பேசுவது வழக்கம். எனக்கோ அதற்குப் பிற்பட்ட காலமே அதிக வியப்பைத் தருகிறது. அவருடைய பெருங்காப்பியமாகிய இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது 1894-ல். அதாவது ஞானஸ்நானத்துக்கு 36 ஆண்டுகளுக்குப் பின்னர். அந்த இடைக்காலம் முழுவதும் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், பத்திரிகை வேலை பார்த்தார், பள்ளியிலும் கல்லூரியிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார் என்பதே விடை. இலக்கணம் தெரியாத பிள்ளைகளுக்கு எழுவாயும் பயனிலையும் ஆண்டுதோறும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் அந்த அலுப்பான வேலையின் நடுவிலே, நற்போதகம் என்னும் பத்திரிகையில் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக அந்தக் காப்பியத்தை அவர் எழுதி வந்தார். ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட அந்நூல், ஆசிரியத் தொழிலுக்குப் புறம்பே ஓர் ஆசிரமத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டதன்று. தொழிலின் உள்ளேயே, தவணை தவறாமல், வளர்ந்தது.

அக்காப்பியத்துக்கு மூலமாயிருந்த கதையின் வரலாறும் இதையே போதிக்கிறது. மோட்சப் பிரயாணத்தை எழுதிய ஜான் பனியன், ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் ஓர் எளிய தொழிலாளி. இங்கிலாந்தில் அரசாங்க அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660-ல் சிறைப்பட்டு, பெட்போர்டு சிறையில் ஏறக்குறைய 12 ஆண்டுகள் அடைபட்டிருந்தபோது, வெளியே பசித்திருந்த மனைவி மக்களைக் காப்பாற்றும்பொருட்டு, காலணிகளுக்கு உதவும் கயிறுகளைச் செய்து விற்பதற்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய புகழ்பெற்ற நூலின் முதற்பாகம் 1678-ல் வெளிவந்தது. கயிறு செய்த அதே கைகள்தாம், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் ஒரு தமிழ்ப் புலவரை எழுதத் தூண்டிய கதையையும் வரைந்தன.

கிருஷ்ண பிள்ளையின் வளர்ச்சியில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அவர் கிறிஸ்தவரானபோது தமது பழைய கல்வியை அறுத்தெறிந்துவிடவில்லை. எங்கள் தெருவில் ஒரு பாவு நெய்து முடிந்தால், பழைய இழைகளை விழுதிலிருந்தும் அச்சிலிருந்தும் உருவி எறிந்துவிடமாட்டார்கள். அவற்றின் நுனியைக் கோத்தபடியே நிறுத்தி, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அதற்குரிய பழைய இழையோடு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று தவறினாலும் துணியில் அது தெரியும். ஆதலால் பிணைக்கிறவருடைய விரல்கள் அவசரப்படுவதில்லை. இவ்விதமே, ஆழ்வார்களிடத்தில் கற்ற உருக்கத்தையும் கம்பனிடத்தில் கற்ற விருத்த நடையையும் ஒவ்வோர் இழையாகப் புதிய விசுவாசத்தோடு பிணைக்க அந்தப் புலவருக்கு ஓர் ஆயுட்காலம் தேவைப்பட்டது. அதனாற்றான் அவர் பாட்டு மிஷனரிகளின் இரவல் மொழியாக ஒலிக்காமல், தமிழ்ப் பக்தியின் சொந்தக் குரலாக ஒலிக்கிறது. கிறிஸ்தவக் கம்பன் என்று அவரைத் தமிழுலகம் அழைப்பதும் அதனாலேயே. வைகாசி மாதத்துக் கருட சேவைக்காகச் சுற்றுப்புற ஊர்களெல்லாம் வரதராஜப் பெருமாள் சந்நிதியை நோக்கித் திரளும் இந்தச் சீமையில் வாழும் கிறிஸ்தவர்கள், அண்டை வீட்டாருடைய பக்தியைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை, அதை இகழவும் வேண்டியதில்லை என்பதை அவரிடமிருந்து கற்கலாம்.

வேலையின் உள்ளே வளர்ந்த விசுவாசத்துக்கு எங்கள் பக்கத்திலேயே இன்னொரு சாட்சியும் உண்டு. காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பெயரைத் தாங்கிய பள்ளியை அறியாதவர் இல்லை. ஸ்காட்லாந்து தேசத்திலிருந்து 1837-ல் சென்னைக்கு வந்த ஜான் ஆண்டர்சன் தொடங்கிய கல்விச்சாலையே, பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் கிளைகளுள் ஒன்று காஞ்சியில் அமைந்தது. 1841-ல் ராஜகோபால், வேங்கடராமையா என்னும் மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, பெற்றோர்கள் திகிலடைந்து தங்கள் பிள்ளைகளைச் சென்னைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்ளவே, நிறைந்திருந்த வகுப்புகள் வெறிச்சோடின. அந்நிலையில் ஆண்டர்சன் செய்தது ஒன்றே: எஞ்சியிருந்தவர்களுக்கு மறுநாளும் பாடம் நடத்தினார். மாணவர் மீண்டும் வந்தனர். 1855-ல் சென்னையிலேயே உயிர் நீத்த அவர், இன்று இத்தனை தலைமுறைகளுக்குப் பிறகும் காஞ்சியின் பிள்ளைகள் தம் பெயர் எழுதிய வாயிலில் நுழைவார்கள் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார். தம் வளர்ச்சியை அளந்துகொண்டிருக்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. செய்யவேண்டிய பாடம் இருந்தது.

இவற்றையெல்லாம் நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். விசுவாசம் வேலையின் உள்ளே வளர்கிறது என்றால், அது எங்கே வளர்கிறது என்று குறிப்பாகச் சொல்லவேண்டும். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாகக் கோர்வைப் புடவை நெய்யும்போது, ஒருவர் கை போதாது. மூன்று நாடாக்கள் ஓடவேண்டும், பக்கத்தில் கரைநாடாவை வாங்கிப் போட ஒரு துணையாள் வேண்டும். முகூர்த்தப் பட்டு என்று ஊரெல்லாம் புகழும் அந்தப் புடவையில் துணையாளின் பெயரை எவரும் கேட்பதில்லை. நாள் முழுவதும் முதுகு வலிக்க உட்கார்ந்த அந்தத் துணையாளுக்குப் பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுப்பதிலே விசுவாசம் வளர்கிறது. இழை அறுந்த கோபத்தை அந்தத் துணையாள்மேல் கொட்டாமல் அடக்கும் அந்த ஒரு நிமிஷத்திலே அது வளர்கிறது. வெள்ளிக் கம்பியில் பொன்முலாம் பூசிய அசல் ஜரிகைக்கும் போலி ஜரிகைக்கும் உள்ள வேற்றுமையை அறியாத ஒரு தாய், மகள் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வந்து நிற்கும்போது, இது அசல் ஜரிகை அன்று, அம்மா என்று வாய்திறந்து சொல்லும் வியாபாரியிடத்தில், ஒரு மணிநேர ஜெபத்தில் வளர்வதைக் காட்டிலும் அதிகமாகவே அது வளரக்கூடும். அவ்வாறு சொல்லும் பலம் அவருக்கு ஜெபத்திலிருந்தே வருகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஜெபம் பலத்தைத் தருகிறது, அந்தப் பலம் செலவாகும் இடம் வேலை. செலவிடாத பலம் சரீரத்தில் தங்காததுபோலவே ஆத்துமாவிலும் தங்குவதில்லை.

இதனால், ஆராதனையும் வேத வாசிப்பும் சிறியவை என்று எவரும் கொள்ளவேண்டாம். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் தங்கள் வீட்டைத் தொழிற்சாலையாக மட்டும் வைத்திருக்கவில்லை; சபை கூடிவரும் இடமாகவும் அது இருந்தது. வேதத்தில் தேர்ந்தவனாயிருந்த அப்பொல்லோவையும் அவர்கள் அன்போடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கினார்கள். தொழில் செய்யும் வீடும் ஜெபிக்கும் வீடும் அவர்களுக்கு இரண்டாக இருக்கவில்லை. நம்முடைய வீடுகளிலோ, வேதப்புத்தகம் அலமாரியின் மேல்தட்டிலும் கணக்குப் புத்தகம் கைக்கெட்டும் கீழ்த்தட்டிலும் இருந்து, ஒன்றையொன்று பாராமலே காலம் கழிக்கின்றன. இவ்விரண்டையும் ஒருநாளைக்கு ஒருமுறையேனும் சேர்த்துத் திறப்பது நமக்கு நலம்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எங்கள் ஊரில் நெசவாளிகள் காலையில் குழியில் இறங்குமுன் தறியைத் தொட்டு வணங்குவது வழக்கம். வேலையைப் புனிதமாக மதிக்கும் அந்த மரியாதை எந்த மார்க்கத்தாருக்கும் உகந்ததே. கிறிஸ்தவராயிருப்பவர் அவ்வேளையில், அன்றைய தினம் தம் கைக்கு உட்பட்டு வேலை செய்யப்போகிற ஒருவருடைய பெயரை ஆண்டவரிடத்தில் சொல்லட்டும். மாலையில் விளக்கேற்றிய பிறகு, அந்த ஒருவர் தம்மிடமிருந்து எந்த முகத்தோடு வீடு சென்றார் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். வாடிய முகத்தோடு சென்றிருந்தால், மறுநாள் காலையில் முதல் வேலையாக அதைச் சரிசெய்துவிட்டுத் தறியில் அமரட்டும். உபவாசத்துக்கும் தீர்த்தயாத்திரைக்கும் அவகாசம் இல்லாத வீட்டிலும் இதற்கு அவகாசம் உண்டு.

நான் வளர்கிறேனா என்று தினந்தோறும் தன் உள்ளத்தையே தோண்டிப் பார்ப்பவர் மிகவும் களைத்துப்போவார். நமக்குள் உண்டாகும் வளர்ச்சியை நம்மைவிட, நம்மோடு வேலை செய்கிறவர்களும் நம்மிடம் கூலி வாங்குகிறவர்களும்தாம் முதலில் அறிகிறார்கள். ஆகையால் அந்தத் தீர்ப்பை அவர்களுக்கே விட்டுவிட்டு, நாம் இன்றைய வேலையை இன்றைய தினத்தில் உண்மையாகச் செய்வோமாக.

கூலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் கடனைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும். முன்பணம் வாங்கிய நெசவாளிக்கும் அதைக் கொடுத்த முதலாளிக்கும் நடுவில் மன்னிப்பு என்பது என்ன பொருள் பெறும் என்பதை அடுத்த வாரம் சிந்திப்போம்.

(தொடரும்)