நந்தனாகப் பாடியவரும் நந்தனின் பிள்ளைகளும்



முடிச்சூரில் கூடியிருக்கும் நாம் இன்று ஓர் இசைக்கலைஞரின் வாழ்வை எடுத்துக்கொள்கிறோம். அவர் தலித் அல்லர். ஆனால் அவர் குரல் நம்முடைய கதையையும் சுமந்தது.

எம்.எம். தண்டபாணி தேசிகர் 1908இல் திருச்செங்காட்டாங்குடியில் பிறந்தார். தேவாரம் ஓதும் மரபில் வளர்ந்து, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் கர்நாடக இசை பயின்றார். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்துப் பாடினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவராக இருந்து மாணவர்களை உருவாக்கினார். 1972இல் மறைந்தார்.

1946இல் திருவையாறு தியாகராசர் விழாவில் அவர் விநாயகர் மீது ஒரு தமிழ்ப் பாடலைப் பாடினார். அதனால் சந்நிதி தீட்டுப்பட்டுவிட்டது என்று பேச்சு எழுந்தது. அதைக் கண்டித்து மு. கருணாநிதி 'தீட்டாயிடுத்து' என்ற தலைப்பில் 'குடிஅரசு' இதழில் எழுதினார். தமிழிசை இயக்கம் சூடுபிடித்திருந்த காலம் அது. 1943இல்தான் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது.

தீட்டு என்ற சொல்லை நாம் நன்கு அறிவோம். அது ஒரு மொழியின் மேல் விழுந்தபோது நாடே கொதித்தது, கொதித்தது நியாயமே. ஆனால் அதே சொல் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் மேல் விழுந்துகொண்டிருந்ததே, அதற்கு இசையுலகம் என்ன செய்தது? எந்த மொழியில் பாடுவது என்று தமிழிசை கேட்டது. யார் பாடுவது, யார் கற்பது என்ற கேள்வியை அதே வேகத்தில் கேட்கவில்லை.

பெரியபுராணத்து நந்தனைப் பாருங்கள். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர். கருவி உள்ளே போனது, கொடுத்தவர் வெளியே நின்றார். அந்த ஏற்பாடு பழங்கதையாகிவிடவில்லை. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்த பர்லாந்து தஞ்சாவூர் தலித் கிறித்தவர். வாசித்தவரைத் தெரிந்த அளவுக்குச் செய்தவரை நமக்குத் தெரியாது. கோபாலகிருஷ்ண பாரதி நந்தனின் கதையைக் கீர்த்தனைகளாக்கினார். அவை கச்சேரி மேடையேறின. நந்தனின் பிள்ளைகள் ஏறவில்லை.

சிதம்பரத்தில் இரண்டு பள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம். நந்தனாக நடித்தவர் இசை கற்பித்த பல்கலைக்கழகம் ஒன்று. நந்தன் பெயரைத் தாங்கி, நம் பிள்ளைகளுக்காக 1916இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய கல்விச்சாலை மற்றொன்று. ஒரே ஊர்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் சாதியின் தூரம்.

தேசிகரின் குரலை நாம் மறுக்க வேண்டியதில்லை, அதை ரசிப்போம். கூடவே ஒரு கணக்கும் கேட்போம். தாம்பரம் முதல் முடிச்சூர் வரை நம் தெருக்களில் எத்தனை பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லித்தர ஆளிருக்கிறது? இசைக் கல்லூரிகளில் பறைக்கு ஆசிரியர் பணியிடம் உண்டா? மிருதங்கம் செய்பவரின் மகள் மிருதங்கம் வாசிக்க வழியுண்டா? மேடையில் நந்தனின் கதை ஒலித்தால் மட்டும் போதாது. அந்த மேடையில் நந்தனின் பிள்ளைகள் தங்கள் பெயரோடு அமர வேண்டும். நம் கோரிக்கை அதுதான்.