ராஜியை யாரும் டாக்டரிடம் காட்டவில்லை

சென்னைப் புறநகரான பம்மலுக்கு அடுத்த ஊர் பல்லாவரம். அங்கே வளர்ந்த சமந்தா, 2021 ஜூனில் வெளியான ‘தி ஃபேமிலி மேன்’ வெப் சீரிஸின் இரண்டாம் சீசனில் ராஜியாக வந்தார். ஈழப் போரில் குடும்பத்தைப் பறிகொடுத்து, ராணுவத்தினரின் வன்கொடுமைக்கு ஆளாகி, பிறகு ஆயுதம் ஏந்தி, சென்னையில் ஆலைத் தொழிலாளியாக ஒளிந்து வாழும் பெண். ஆலையில் ஒருவன் அத்துமீறும்போது அவள் கத்துவதில்லை, முகம் மரத்துப்போகிறது. தொடர் ஈழத் தமிழர்களை இழிவுபடுத்துகிறது, தடை செய்யுங்கள் என்று தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சர்ச்சைக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில், இந்தப் பெண்ணுக்கு என்ன வைத்தியம் என்று யாரும் கேட்கவில்லை. தொடரும் கேட்கவில்லை. அவளுடைய காயம் அடுத்த குண்டுவெடிப்புக்கான எரிபொருள், அவ்வளவுதான்.

மரத்துப்போன அந்த முகம் மருத்துவப்படி சரியானதே. ‘பிடிஎஸ்டி’ எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது. வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்கள் அதற்காகப் போராடியிருந்தார்கள். உணர்வு மரப்பு, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எந்நேரமும் உஷார், தூக்கமின்மை, திடீர்க் கோபம் எல்லாம் அதன் அறிகுறிகள். கேமராவுக்குப் பிடித்தது மட்டும் ஃபிளாஷ்பேக். திரையில் அது ஒரு குட்டிப் படம்போல வரிசையாக ஓடுகிறது. நிஜத்தில் வருவது துண்டு துண்டாக. டீசல் வாசனை, ஒரு அலறல், உள்ளங்கையில் வியர்வை. மூளையில் அபாயத்தை முகரும் அமிக்டலா அந்தத் துண்டுகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. எங்கே, எப்போது என்று குறிக்கவேண்டிய ஹிப்போகாம்பஸ் அந்த நெருக்கடியில் சரியாக வேலை செய்வதில்லை. தேதி இல்லாத நினைவு என்பதால், அது இப்போதே நடப்பதாக உடம்பு நம்புகிறது.

வைத்தியம் என்று வந்தால் தொடர்கள் இரண்டு குறுக்குவழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன. ஒன்று, கேலி. அதே தொடரில் உளவு அதிகாரி ஸ்ரீகாந்த் மனைவியோடு ஆலோசகரிடம் போகிறார். காட்சி சிரிப்பில் கரைகிறது. இன்னொன்று, ஒரே அழுகையில் குணம். 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான ‘மேஷ்’ நிறைவு எபிசோடை அமெரிக்காவில் சுமார் பத்தரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். கொரியப் போர் மருத்துவர் ஹாக்ஐ, பேருந்தில் ஒரு தாய் கோழியை நெரித்து அமைதியாக்கினாள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். அது அவளுடைய குழந்தை என்பது மனநல மருத்துவரின் முன் நினைவுக்கு வருகிறது, கதறுகிறார், விரைவில் பணிக்குத் திரும்பிவிடுகிறார். அருமையான நாடகம். ஆனால் பெரும்பாலான நோயாளிகளின் தொல்லை, மறந்துபோனது அல்ல, மறக்க முடியாதது.

அதற்கான வைத்தியம் எப்படி இருக்கும்? ‘நேரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி’ என்ற முறையில் தரையில் ஒரு கயிறு. அதுதான் பிறந்ததிலிருந்து இன்றுவரையான வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு முதலிலிருந்து வரிசையாகச் சொல்லவேண்டும். கல் வந்ததும் நின்று, என்ன கேட்டது, எங்கே வலித்தது, இப்போது உடம்பில் என்ன தெரிகிறது என்று மெதுவாக. ஆலோசகர் எழுதி, அடுத்த அமர்வில் படித்துக் காட்டுவார், திருத்தலாம். பழைய பயம் அழிவதில்லை. அது அன்று, அங்கே நடந்தது, இப்போது ஆபத்தில்லை என்ற புதிய பாடம் அதன் பக்கத்தில் பதிகிறது.

2004 சுனாமிக்குச் சில வாரங்களில், இலங்கையின் வடகிழக்கு முகாமொன்றில் போரையும் கடலையும் கண்ட 31 சிறுவர்களிடம் இந்த முறை சோதிக்கப்பட்டது. ஒரு பாதிக்கு இந்தக் கதைசொல்லல், மறுபாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரு குழுவுக்கும் ஆறு அமர்வுகள். (வெப் சீரிஸுக்குச் சரியான அளவு.) ஆறு மாதம் கழித்துக் குணமடைந்தவர்கள் முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71. வைத்தியம் செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் தியானம் அவ்வளவு நெருங்கி வந்தது, யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வெகுகாலமாகச் சொன்னதோடு ஒத்துப்போகிறது. அவர் நோயாளியின் மதத்துக்கேற்ப மந்திரத்தையோ ஜெபத்தையோ சொல்லவைத்து மனதைத் தளர்த்தியவர்.

இன்னொரு கணக்கும் திரைக்கு வருவதில்லை. போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடந்த ஆய்வில் பிடிஎஸ்டி அறிகுறி 7 சதவீதத்தினரிடம் இருந்தது. மனச்சோர்வு 22, மனப்பதற்றம் 32 சதவீதத்துக்கும் மேல். ஃபிளாஷ்பேக் இல்லாமல், எழுந்து சமைக்கவே தெம்பில்லாமல் கிடப்பவர்களே அதிகம். அவர்களை வைத்து யார் எபிசோட் எடுப்பார்கள்?

பம்மலைச் சுற்றிப் படை முகவரிகளுக்குப் பஞ்சமில்லை. பல்லாவரம் கன்டோன்மென்ட், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி, தாம்பரம் விமானப்படைத் தளம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை ‘அமரன்’ படமானது. அது திரும்பாதவரின் கதை. கேன்டீன் கார்டும் பென்ஷனுமாகத் திரும்பியவர், தீபாவளி இரவில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், ‘மிலிட்டரிக்காரர், கொஞ்சம் கோபக்காரர்’ என்று தெரு முடித்துவிடும். அவரும் அழைக்கலாம்: 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அழைப்பவர் தன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை.